ஆளுக்குப் பாதி ஸ்கேனர்

அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதை எத்தனையோ பார்த்திருப்பீர்கள். ஒரே கிணற்றுக்கு முறை வைத்திருக்கிறார்கள், ஒரே கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் கார் ஸ்கேனரை இரண்டாகப் பிரித்தவர்கள் எனக்குத் தெரிந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக் கொளஞ்சியும் அவன் தம்பி செந்தமிழ்செல்வனும்தான். கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தவர்கள்தான்.

ஸ்கேனர் என்றதும் ஆஸ்பத்திரியை நினைக்க வேண்டாம். காருக்குள் என்ன கோளாறு என்று காரையே கேட்டு எழுத்தில் காட்டுகிற பெட்டி அது. செங்கல் கனம் இருக்கும். பெட்டியின் தலையில் ஒரு கார்டைச் செருக வேண்டும்; எந்தக் காரிடம் எப்படிப் பேசுவது என்கிற வித்தை முழுக்க அந்தக் கார்டில்தான் இருக்கிறது. அடியில் ஒரு கேபிளை மாட்டி, அதன் மறுமுனையைக் காருக்குள் சொருக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது ஸ்கேனர். பெட்டி மட்டும் இருந்தால் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும் கல்லாக உதவும், அவ்வளவுதான்.

2004-இல் வாங்கியது. ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் சென்னை ஷோரூமை மூடினார்கள். அங்கே இருந்ததைச் செந்தமிழ்செல்வன்தான் மோப்பம் பிடித்து அண்ணனையும் இழுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தான். வாங்கிவந்த நேரம் நல்ல நேரம். அப்போது செம்மங்குப்பம் கெமிக்கல் ஃபேக்டரி அதிகாரிகளில் பாதிப் பேரிடம் அந்தக் கம்பெனிக் கார்தான். பாண்டிச்சேரி போனாலும் அதைப் பழுதுபார்க்க ஆள் இல்லை, விழுப்புரம் போனாலும் ஆள் இல்லை. மஞ்சக்குப்பத்துத் தகரக் கொட்டகைக்கு முன்னால் வரிசையாகக் கார் நிற்கும். தம்பி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துச் சொல்லுவான், அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கைவைப்பான், முடிந்ததும் வந்து ஜன்னல் வழியாகக் குனிந்து சாவியைத் திருகுவான். "சாவி போடுண்ணே" என்பான் அவன். "போட்டாச்சுடா" என்பான் இவன். அப்படி ஓடியது ரெண்டு மூணு வருஷம். அப்பா அம்மா இல்லாத வீட்டில், பத்து வயசிலிருந்து தம்பிக்குச் சோறு போட்டு வளர்த்தவள் கொளஞ்சியின் மனைவி சௌந்தரம். அவளுக்குப் பிள்ளை இல்லை. செல்வம்தான் பிள்ளை.

பிறகு காலம் மாறியது. புதுப்புதுக் கார்கள் வந்தன. இந்தப் பெட்டியைச் சொருகினால் அவை வாயே திறக்கவில்லை. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக் கார்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

"அண்ணே, இது செத்துப்போச்சு. லேப்டாப்ல போடுற ஸ்கேனர் வந்துருக்குது. இத வித்துட்டு அத வாங்கலாம்" என்றான் செந்தமிழ்செல்வன், 2007-இல்.

சொன்ன இடம்தான் தப்பு. கொட்டகையில் நாலு கஸ்டமர் இருந்தார்கள். தம்பிக்குப் பெண் கொடுத்து அப்போதுதான் ஆறு மாசம் ஆகியிருந்த சிதம்பரத்து மாமனார் வேறு வந்து உட்கார்ந்திருந்தார். கொளஞ்சிக்குச் சுருக்கென்று ஏறியது. அவன் கெட்டவன் இல்லை; வாய்தான் கெட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னான்:

"நான் போட்ட சோத்துலதானடா இந்த ஒடம்பு வளந்துது? எனக்கே புத்தி சொல்ல வந்துட்டியா நீ?"

போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டினால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? செந்தமிழ்செல்வன் கையைத் துடைத்துக்கொண்டு மாமனாரோடு கிளம்பிப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் சௌந்தரம் எடுத்துவைத்த சோற்றில் அப்படியே தண்ணீர் ஊற்றப்பட்டது. அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுத்த மாசமே பாகம் கேட்டான்.

தாய்மாமன் ராமாமிர்தம் வந்து நடுவில் உட்கார்ந்தார். நியாயமான மனிதர். நெல் மூட்டை, மாடு, நிலம் என்று பாகம் பிரித்துப் பழக்கப்பட்டவர், பட்டறையைப் பிரித்ததில்லை. கம்ப்ரஸர் ஒருவனுக்கு, வெல்டிங் செட் இன்னொருவனுக்கு. ஸ்பேனர்களை வரிசையாகப் பரப்பி, ஒன்று இவனுக்கு ஒன்று அவனுக்கு என்று எடுத்துவைத்தார். கடைசியில் ஸ்கேனர் வந்தது. பெட்டியைத் தனியாகவும் கார்டையும் கேபிளையும் தனியாகவும் ஒரு துணிமேல் வைத்திருந்தார்கள்.

"இது என்னாடா, ரெண்டு உருப்படியா இருக்குது? நல்லதாப் போச்சு. பெரியவனுக்குப் பெட்டி. சின்னவனுக்கு இந்தக் கம்பியும் சீட்டும்" என்றார் மாமா.

பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்கள். மாமாவுக்குத் தெரியாது, சரி. இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா? அண்ணன் வாயைத் திறந்து "மாமா, இது பிரிக்கிற சாமான் இல்ல, அவனே எடுத்துக்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம். தம்பி சொல்லியிருக்கலாம். அவன் சொல்லட்டும் என்று இவன் இருந்தான், இவன் சொல்லட்டும் என்று அவன் இருந்தான். அவ்வளவு ரோஷம் எங்கிருந்துதான் வருமோ! செந்தமிழ்செல்வன் கார்டையும் கேபிளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய்விட்டான். பெட்டி கொளஞ்சியின் அலமாரியில் ஏறியது.

இதோடு விட்டிருந்தால்கூட இரண்டொரு வருஷத்தில் ஆறிப்போயிருக்கும். 2009-இல் தம்பி மனைவி காயத்ரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குறைமாசம். பிறந்த நாலாம் நாள் போய்விட்டது. செய்தியை ராமாமிர்தம் மாமாதான் போனில் சொன்னார். சௌந்தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"இரு. அவன் போன் பண்ணட்டும். அவன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், போலாம்" என்றான் கொளஞ்சி.

"என்னாங்க பேசுறீங்க? சாவு வீட்டுக்கு வெத்தல பாக்கு வெச்சா கூப்புடுவாங்க?"

"நான் சொல்றேன், இரு."

போன் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் யாருக்குப் போன் பண்ணிக்கொண்டிருப்பான்? ஒரு நாள் ஆனது, ரெண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு போவதற்கு முகம் இல்லை. கொளஞ்சி செய்ததிலேயே பெரிய பாவம் இதுதான். அவனுக்கே அது தெரிந்திருந்தது. கார் அடியில் படுத்துக்கொண்டு சில நாள் சத்தம் வராமல் அழுவான். கண்ணில் ஆயில் விழுந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டு எழுந்து வருவான்.

அந்தப் பெட்டியைப் பழைய பேட்டரிகளோடு சேர்த்துக் கேட்டுப் பழைய இரும்புக்காரன் பலமுறை வந்தான். கொளஞ்சி கொடுக்கவில்லை. "இன்னும் எதுக்கு வெச்சிருக்கிற, பூஜ பண்ணவா?" என்று பக்கத்துப் பட்டறைத் தட்சிணாமூர்த்தி கிண்டல் பண்ணுவான். கொளஞ்சியின் கணக்கு வேறு. பெட்டி இங்கே இருக்கிறது, கார்டு அங்கே இருக்கிறது. என்றைக்காவது ஒரு பழைய கார் வரும், அன்றைக்கு ஒருவன் இன்னொருவனைத் தேடித்தான் ஆகவேண்டும். தம்பியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர அவனிடம் வேறு வழி ஒன்றும் மிச்சமில்லை. இதைச் சௌந்தரத்திடம்கூட அவன் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

வந்தது. 2012 ஆவணியில் சேத்தியாத்தோப்பிலிருந்து காசிநாதன் என்று ஒரு பெரியவர் கொட்டகைக்கு வந்தார். ரிட்டயரான மனிதர். வேர்த்து விறுவிறுத்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"நீங்கதான் கொளஞ்சிங்களா? என் வண்டி ஒரு மாசமா சிதம்பரத்துல ஒங்க தம்பி ஷெட்டுல நிக்கிதுங்க. சாவி தொலஞ்சிபோச்சு. புதுச் சாவி வெட்டியாச்சு. கதவெல்லாம் தொறக்குது, ஆனா ஸ்டார்ட் ஆவமாட்டேங்குது. புதுச் சாவிய வண்டிக்கு அறிமுகம் பண்ணி வைக்கணுமாம். அதுக்குப் பழைய ஸ்கேனர்தான் வேணுமாம். அவர்கிட்ட இருக்குற புதுசு இந்த வண்டிகிட்ட பேசமாட்டேங்குதாம்."

"மெட்ராஸ்ல கேட்டீங்களா?"

"கேட்டாச்சுங்க. வண்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்றான். என் சம்சாரத்துக்கு இடுப்பு எலும்பு போச்சு. பஸ் ஏற முடியாது. ஒசரமான வண்டியிலயும் ஏற முடியாது. இந்தத் தாழ்ந்த வண்டியிலதான் ஒக்காருவா. ஆஸ்பத்திரிக்கு வேற வழியில்லீங்க."

"என்னத் தேடிப் போகச் சொன்னது செல்வமா?"

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். "அவரு சொல்லலீங்க. பாதி கடலூர்ல கெடக்குதுன்னு மட்டும் சொன்னாரு. யாருகிட்டன்னு கேட்டேன். பதில் இல்ல. நான்தான் நாலு எடத்துல விசாரிச்சு வந்தேன். அந்தப் பெட்டியக் குடுத்தனுப்புங்க, பத்தரமாத் திருப்பிக் கொண்டாந்து தர்றேன்."

கொளஞ்சி அலமாரியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "குடுத்தனுப்பல்லாம் முடியாதுங்க. நாளைக்கு நானே எடுத்துட்டு வர்றேன்" என்றான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சௌந்தரம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். செல்வத்துக்கு அதிரசம் என்றால் உயிர். மாவு எங்கே இருந்ததோ, வெல்லம் எங்கே இருந்ததோ, விடிவதற்குள் ஒரு தூக்கு நிறைய அதிரசம். காயத்ரிக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்து ரெண்டு வயசு ஆகிறது, பேர் சினேகா என்று மாமா மூலமாகத் தெரிந்திருந்தது. பார்த்ததில்லை.

"கொழந்தைய நல்லாப் பாத்துட்டு வாங்க. தீவாளிக்கு வரச்சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. கால்ல உழுவணும்னாலும் உழுந்துடுங்க, தம்பிதானே, கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் வாசல்வரை வந்து.

"சரிம்மா, சரி" என்றான் கொளஞ்சி. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் நாற்றம் வந்தது, போனது. போன மார்கழியில் அடித்த ‘தானே’ புயலில் தலை முறிந்த மரங்கள் ஒருபக்கமாகத் துளிர்த்து நின்றன. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தான். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அப்புறம்தான் வேலை என்று புதுச்சத்திரத்தில் முடிவு பண்ணினான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, இல்லை, வேலை முடியட்டும், வேலையோடு வேலையாகப் பேச்சு தானே வரும் என்று மாற்றிக்கொண்டான்.

சிதம்பரத்தில் தம்பியின் ஷெட் சுத்தமாக இருந்தது. பின்னாலேயே வீடு. செந்தமிழ்செல்வனுக்கு முன்தலை நரைத்திருந்தது. முப்பத்தைந்துகூட ஆகவில்லை, அதற்குள் நரை. அண்ணனைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த காசிநாதனைத்தான் ஒரு பார்வை பார்த்தான்.

"வாங்க" என்றான்.

உள்வாசலில் காயத்ரி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் காலுக்குப் பின்னால் ஒரு சிறிசு பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொளஞ்சி பார்ப்பதற்குள் அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டாள். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தாள், குழந்தை இல்லாமல்.

"அண்ணி குடுத்தனுப்புச்சு" என்று கொளஞ்சி தூக்கை நீட்டினான்.

காயத்ரி புருஷனைப் பார்த்தாள். செந்தமிழ்செல்வன் தூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தான். மூடியைத் திறக்காமலே அது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "வாங்கிக்க. பாப்பாவுக்குக் குடு" என்றான். அவன் எடுக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. அவன் பீரோவிலிருந்து கார்டையும் கேபிளையும் எடுத்துவந்தான். மஞ்சள் துணியில் சுற்றி, தூசி படாமல் வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் கொளஞ்சிக்குப் பாதி உயிர் வந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறானே, வெறுத்துப்போனவன் வைப்பானா என்று நினைத்தான். கார்டு உள்ளே போனது, கேபிள் மாட்டியது. ஐந்து வருஷம் செத்துக் கிடந்த பெட்டி ஒரு முறை கிர்ரென்றது. திரையில் பச்சை எழுத்து வந்தது.

"அட, உசுரு இருக்குதே!" என்று காசிநாதன் எழுந்துவந்துவிட்டார்.

செந்தமிழ்செல்வன் டிரைவர் சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்தான். வண்டியின் ரகசிய நம்பரைப் பெரியவர் சொல்ல, அவன் அழுத்தினான். கொளஞ்சி ஜன்னல் வழியாகக் குனிந்து சாவியில் கைவைத்தான். ஒரு தடவை வண்டி மறுத்தது. பேட்டரி வயர் தளர்ந்திருந்தது. கொளஞ்சி போய் இறுக்கிவிட்டு வந்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கைக்குக் கை தெரிந்திருந்தது.

"சாவி போடுண்ணே" என்றான் செந்தமிழ்செல்வன், திரையைப் பார்த்தபடியே.

கொளஞ்சி சாவியைத் திருகினான். "போட்டாச்சுடா" என்றான்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. காசிநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பும்வரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றார்கள். தோள் இடிக்கிற தூரம். வண்டி தெருமுனையில் திரும்பியது.

"செல்வம்" என்றான் கொளஞ்சி. "அன்னிக்கி நான் பேசுனது தப்புடா. சோறு அது இதுன்னு... வாய் தவறிப்போச்சு."

"அத உடு."

"தீவாளிக்கு வாடா. அண்ணி சொன்னா. கொழந்தையக் கூட்டிக்கிட்டு வா."

செந்தமிழ்செல்வன் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான்.

"சோறு சொல்லிக்காட்டுனத நான் எப்பவோ மறந்துட்டேண்ணே. நெசமாத்தான் சொல்றேன். நீதான என்ன வளத்த, சொல்லிட்டுப் போ. ஆனா எம்புள்ள செத்தப்ப நீ வரல. ராமாமிர்தம் மாமாவுக்குக் காச்சல், அவரால வரமுடியல. எம் மாமனார் ஆஸ்பத்திரியில காயத்ரிகூட இருந்தாரு. ஒரு முழத் துணியில சுத்தி நான் ஒருத்தனாத் தூக்கிக்கிட்டுப் போனேன். குழிகிட்ட நின்னுக்கிட்டு ரோட்டப் பாத்தேன். ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்தேன். கடலூர் பஸ்ஸு வருது, போவுது. எங்கண்ணன் எறங்குவான், எறங்குவான்னு பாத்தேன். வெட்டியான், 'போட்டுடலாமா சாமி, வெயிலு ஏறுது'ன்னான். போட்டுட்டு வந்தேன்."

"நீ போன் பண்ணுவேன்னு..." என்று ஆரம்பித்த கொளஞ்சி, சொல்லும்போதே அதன் கேவலம் தெரிந்து நிறுத்திக்கொண்டான். சட்டென்று குனிந்து தம்பியின் காலைத் தொடப் போனான். செந்தமிழ்செல்வன் பதறிப்போய் இரண்டு கையாலும் அவனைத் தூக்கி நிறுத்தினான்.

"வேணாண்ணே. பெரியவன் நீ. அப்புடிப் பண்ணாத."

பிறகு அவன் உள்ளே போனான். ஸ்கேனர் பெட்டியிலிருந்து கார்டைக் கழற்றவில்லை. கேபிளைச் சுருட்டி, பெட்டி, கார்டு, கேபிள் மூன்றையும் அதே மஞ்சள் துணியில் ஒன்றாகச் சுற்றிக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தான்.

"இதையும் நீயே வெச்சிக்க. என் பாகம் எனக்கு வேணாம். நல்லாத்தான் வேல செய்யுது. இந்த வண்டிங்க இன்னும் அங்கங்க கெடக்குது, எது வந்தாலும் ஒங்கிட்ட அனுப்பிடுறேன், நீயே முழுசாப் பாத்துக்க. இனிமே இதுக்கோசரம் நீ இங்க வர வேணாம், நானும் அங்க வர வேணாம்."

"செல்வம்..."

"போயிட்டு வாண்ணே. மூணு மணி பஸ்ஸு கூட்டம் இருக்காது. அண்ணிய ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு."

கோபமாகச் சொல்லியிருந்தால் கொளஞ்சி நின்று சண்டை போட்டிருப்பான், அழுதிருப்பான், ஏதாவது செய்திருப்பான். தம்பி அன்பாகச் சொன்னான். அதற்கு என்ன செய்ய முடியும்? கொளஞ்சி தெருவில் இறங்கி நடந்தான். பஸ்ஸில் எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் பெட்டி காலையில் இருந்ததைவிடக் கனத்தது.

வீட்டில் சௌந்தரம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து மூட்டையை வாங்கினாள். துணியைப் பிரித்தாள். பெட்டியின் தலையில் கார்டு இருந்தது, பக்கத்தில் கேபிள் இருந்தது. அவள் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! கொளஞ்சியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அய்யோ சாமி! ஒண்ணாச் சேத்துட்டானா! எனக்குத் தெரியும், எம்புள்ள கல்லு இல்லன்னு எனக்குத் தெரியும். எப்ப வர்றானாம்? தீவாளிக்கா, முன்னாடியேவா?"

"வரமாட்டான் சௌந்தரம்."

"அப்பறம் எதுக்கு இதக் குடுத்தான்?"

"நான் அங்க போவாம இருக்கத்தான் குடுத்தான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்தாள். கொளஞ்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி குழிகிட்ட நின்று பஸ் பார்த்ததைச் சொன்னான். நான் அன்றைக்கே கிளம்பினேனே, நீங்கள்தானே தடுத்தீர்கள் என்று அவள் கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் கேட்கவில்லை. தெளித்த வாசல் காய்ந்துகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொழந்த யாரு சாடைங்க? நம்ம செல்வம் மாதிரியா, அந்தப் பொண்ணு மாதிரியா?" என்று கேட்டாள்.

கொளஞ்சி யோசித்தான். ஒரு சின்னக் கை தெரிந்தது, பிறகு தாயின் தோளுக்கு மேல் பின்னந்தலை தெரிந்தது. அவ்வளவுதான் அவன் பார்த்தது.

"சரியாப் பாக்கல சௌந்தரம். காயத்ரி உள்ள தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றான்.

சௌந்தரம் அதற்குத்தான் வாய்விட்டு அழுதாள்.